அந்தரத்தில் நின்ற கம்பிக்கட்டு

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நீ சௌக்கியமாக இல்லை என்பது ஊருக்கே தெரியும். நான் சௌக்கியமா என்று நீ கேட்கப்போவதும் இல்லை. அதனால் நேரே திட்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் போன் அடிப்பான்? அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கு அவளோடு நல்ல பழக்கம் ஆகிவிட்டது. உன் அக்கா தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கும் நீ எடுக்கவில்லை என்று. உன் மேல் காட்ட முடியாத கோபமெல்லாம் என் தட்டின் மேல். அவளைக் கட்டிக்கொண்டதைத் தவிர நான் என்ன பாவம் செய்தேன்?

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, பாதி வேலையில், கிரேனை விட்டு இறங்கினாய். ஹெல்மெட்டை ஏணியடியில் வைத்தாய். என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போனாய். மறுநாள் சித்தி வீட்டில் இருப்பதாகச் சேதி வருகிறது. நெஞ்சில் ஏதோ கோளாறாம். சரி, உடம்பு என்றால் யாருக்கும் வரும். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ஒயரெல்லாம் ஒட்டி, ரத்தம் எடுத்து, கடைசியில் என்ன சொன்னார்கள்? நெஞ்சு கல்லு மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போ என்றார்கள். சொன்னது பெரிய டாக்டர். நீ நம்பவில்லை. அவர் படிப்பைவிட உன் பயம் பெரிய படிப்பா?

இப்போது புதுசாக ஒன்று கேள்விப்படுகிறேன். ஏதோ கடைக் கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போகப்போகிறாயாம். பன்னிரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்திருந்தவன், பூமிக்கு அடியில். சைட்டில் உன்னை ஆகாசம் என்றுதானே கூப்பிடுகிறார்கள்? இனி பாதாளம் என்று மாற்றிவிடச் சொல்லட்டுமா?

இன்ஜினியர் ஆகஸ்ட் முதல் வாரம் வரை பொறுப்பேன் என்கிறார். அதற்குள் நீ வராவிட்டால் உன் இடத்தில் ஓட்டுகிற பயலையே நிரந்தரம் ஆக்கிவிடுவாராம். அவனை எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிடுகிறார்கள். நல்ல பயல்தான். ஆனால் நீ இல்லை.

நான் இன்றைக்குக்கூட போல்ட் டப்பாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வேலை தெரிந்தவன் இப்படி உட்கார்ந்துவிட்டானே என்று. மனசைத் தைரியமாக வைத்துக்கொள். கண்டதையும் நினைக்காதே. கிளம்பி வா.

உன் மாமா

---

ஜூன் 11

மாமாவுக்கு,

மனசைத் தைரியமாக வைத்துக்கொள், கண்டதையும் நினைக்காதே. இதைச் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவர் ஒருவர்தான். அவருக்கும் சித்தி இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை, அதனால்தான்.

போனை ஏன் அணைத்து வைத்திருக்கிறேன் தெரியுமா? மணி அடித்தால் நெஞ்சு அடிக்கிறது. யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. அக்காவிடம் சொல்லுங்கள், அவள் மேல் கோபம் இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கிரேன் கொக்கியில் மாட்டிய கம்பிக்கட்டு பாதித் தூரம் ஏறியிருந்தது. நெஞ்சு ஒரு தடவை எகிறியது. பிறகு அடங்கவே இல்லை. விரல் மரத்துப்போனது. மூச்சு உள்ளே போக மாட்டேன் என்றது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். 'நினைத்தேன்' என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது அது நினைப்பு இல்லை மாமா. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று தெரிகிற மாதிரி தெரிந்தது. கட்டு அந்தரத்தில் நின்றது. எப்படியோ இறக்கிவைத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த தடவை அப்படி வந்தால் நெஞ்சு நின்றுவிடும். இல்லை, நான் மயங்கிவிடுவேன். கட்டு கீழே இருக்கிற ஆட்கள் மேல் விழும். டாக்டர் பார்த்தது படுக்கையில் படுத்திருந்த நெஞ்சை. கேபினில் இருக்கிற நெஞ்சை அவர் பார்த்தாரா?

நீங்கள் என்னைக் கோழை என்று நினைப்பது எனக்குத் தெரியும். ஏணியடியில் நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டீர்கள். போதும், புரிந்துவிட்டது.

ஜூலை ஒன்றாம் தேதி முதல் டோக்கன் வேலை. அங்கே எதுவும் யார் தலையிலும் விழாது. இனி எழுத வேண்டாம்.

---

ஜூன் 16

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதுகிறேன். என்ன செய்வாய்?

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். நீ சொன்னாயா? எத்தனை வருஷமாக நீ மேலே, நான் கீழே? மற்ற சைட்டில் எல்லாரும் வாக்கி டாக்கியில் கத்துவார்கள். நமக்கு என் மஞ்சள் கையுறை போதும். நான் விரலை மடக்கினால் உனக்குத் தெரியும். அதில் நம் இரண்டு பேருக்கும் என்ன பெருமை! அந்தப் பெருமை வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போதுகூடத் தண்ணீர் வேண்டும் என்றால் சைகைதான். 'ரெண்டு ஊமைங்களுக்கு ஆக்கிப்போடுறேன்' என்று உன் அக்கா தலையில் அடித்துக்கொள்வாளே! அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஏணியடியில் நின்று மேடைப் பேச்சா பேசுவேன்?

உன்னைக் கோழை என்று நான் எப்போது சொன்னேன்? யாரிடம் சொன்னேன்? என் மண்டைக்குள் நீ எப்போது குடிவந்தாய், வாடகை எங்கே?

இதைப் பார். சித்தி வீட்டுப் பக்கத்தில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறாராம். சித்திக்கு ஏற்கெனவே தெரியும், நீ முறைப்பாய் என்று சொல்லாமல் இருந்தாளாம். போய்ப் பார். நீ போகாவிட்டால் மாசக் கடைசியில் உன் அக்கா பஸ் ஏறுகிறாள். ஒரு நாளுக்கு இல்லை. பெரிய பெட்டியைப் பரணில் இருந்து இறக்கித் துடைத்துவிட்டாள். யோசித்துக்கொள்.

உன் மாமா

---

ஜூன் 28

மாமாவுக்கு,

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன். பெட்டியைப் பரணில் ஏற்றச் சொல்லுங்கள்.

சின்ன வயசுதான். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறார். அன்பாகப் பேசுவார், தைலம் மாதிரி ஏதாவது தடவுவார் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மாவுக்கு என்னைவிட எரிச்சல் அதிகம்.

"படபடப்பு வந்தா என்ன செய்வீங்க?"

"உடனே உட்கார்ந்துடுவேன்."

"உட்காரலைன்னா?"

"விழுந்துடுவேன்."

"எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?"

"உட்கார்ந்துட்டேனே, அப்புறம் எப்படி விழுவேன்?"

"அப்ப விழுவீங்கன்னு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன கேள்வி இது? விழுந்த நாள் ஒன்றையாவது தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

பிறகு என்னை அவர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்க ஓடவிட்டார். நோயாளிகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நெஞ்சு அதே மாதிரி அடித்தது. 'இதுதானே அது?' என்றார். இதுதான். 'இப்ப சாகப்போறீங்களா?' இல்லை, ஓடினதால் அடிக்கிறது என்றேன். 'அன்னைக்குப் பயத்துல அடிச்சிருக்கு. அடிக்கிற நெஞ்சு ஒண்ணுதான். காரணத்தை மட்டும் நீங்க மாத்தி எழுதிக்கிட்டீங்க' என்றார். பயந்தால் அடிக்குமாம். அடித்தால் சாகப்போகிறேன் என்று நினைப்பேனாம். நினைத்தால் இன்னும் பயம், இன்னும் அடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டதோடு பயம் போய்விட்டதா? இல்லை.

அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பயப்படுகிற ஒன்றைச் செய்யப் போகும் முன்னால், என்ன நடக்கும் என்று நான் நம்புகிறேனோ அதை ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். செய்து முடித்ததும், நடந்தது என்ன என்று அதே ஆளிடம் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் தப்பைக் கணக்கு வைத்துக்கொள்ள உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

நான் வேலைக்குச் சேரப்போகிற கடைக் கட்டடத்துக்கு ஒரு மொட்டை மாடி உண்டு. படியேறி அதன் கைப்பிடிச் சுவரோரம் நிற்கப்போகிறேன். நடக்கப்போவது இது: நெஞ்சு அடிக்கும். பாதி மாடியில் மயங்கி விழுவேன். யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. உங்கள் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். போல்ட் டப்பாவை நீங்கள் ஏன் அடுக்குகிறீர்கள்? அது ஸ்டோர் ரூம் வேலை. கீழே நின்று சைகை காட்டுவது யார்?

---

ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

டோக்கன் வேலையில் சேர்ந்தாயிற்றா? பாதாளம் எப்படி இருக்கிறது?

உன் வானிலை அறிக்கை கிடைத்தது. மொட்டை மாடியில் மயக்கத்துடன் கூடிய படபடப்பு, ஓரிரு இடங்களில் விழுதல். நன்றாக இருக்கிறது. இதற்கு ஒரு டாக்டர், அவருக்கு ஒரு பேனா மூடி. பரவாயில்லை, நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். நீ விழவில்லை என்றால் எழுது. விழுந்தால் சித்தியை எழுதச் சொல்.

உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. அழுதாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. கேட்டால் வெங்காயம் என்பாள்.

ஸ்டோரில் ஆள் குறைவு. அதனால் கை கொடுக்கிறேன். என் கண்ணும் முன்னைப் போல இல்லை. தூரத்தில் இருப்பது மங்குகிறது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான். நீ உன் மொட்டை மாடியைப் பார். பேச்சை மாற்றாதே.

உன் மாமா

---

ஜூலை 9

மாமாவுக்கு,

பேச்சை மாற்றியது நானா?

முதலில் என் கணக்கு. வேலை முடிந்ததும் படியேறினேன். நெஞ்சு அடித்தது. நான் சொன்ன பாதி மாடி வந்தது, மயக்கம் வரவில்லை. உச்சிக்குப் போனேன். சுவரோரம் நின்றேன். விழவில்லை. டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். 'எப்படி முடிஞ்சுது?' என்றார். கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாய் குடித்தேன், அதனால்தான் மயக்கம் வரவில்லை என்றேன். பேனா மூடி வாயில் இருந்து கீழே விழுந்துவிட்டது. 'செத்துப்போற ஆளை ஒரு வாய் தண்ணி காப்பாத்துதுன்னா நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?' என்றார்.

மறுநாள் பாட்டில் இல்லாமல் ஏறினேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும், இன்றைக்கு முடிந்தது என்று. படியில் ஒருவரும் இல்லை. சுவரைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை. மேலே போய் நின்றதும் அன்றைக்கு வந்த அதே அடி. அதே மரத்துப்போன விரல். நான் ஓடிவிடவும் இல்லை. சனியனே, செய்வதைச் செய் என்று நின்றேன். ஏறியது, ஏறியது, ஒரு கட்டத்துக்கு மேல் அதற்கு ஏற இடம் இல்லை. பிறகு தானாகவே இறங்க ஆரம்பித்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை மாமா. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன. யாரோ தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இத்தனை மாதம்! போனை அணைத்து, அக்காவை அழவிட்டு, சித்தி கொடுத்த வெந்நீரை எல்லாம் குடித்து, தூக்கத்தைத் தொலைத்து! எல்லாம் நான் ஒரு தடவைகூடச் சரிபார்க்காத ஒரு நினைப்பை நம்பி. இப்படி என்னை வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

இப்போது உங்கள் கணக்கு. அணைத்து வைத்திருந்த போனை நேற்று உயிர்ப்பித்தேன், அது மணி அடிக்கும் முன்னால் அக்காவுக்கு நானே அடித்தேன். அவள் சொல்கிறாள், நான் போன மறுநாளில் இருந்தே நீங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறீர்களாம். கையுறையைத் தொடவே இல்லையாம். கண் மங்குகிறதாம், ஆனால் எதிர் வீட்டு மாடியில் காய்கிற சட்டையில் எத்தனை பட்டன் என்று சொல்கிறீர்களாம். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

இனி நீங்களும் எழுதுங்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு கிரேனுக்குக் கீழே நின்றால் என்ன நடக்கும் என்று நம்புகிறீர்கள்? கூட்டாமல், குறைக்காமல்.

---

ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். உன் அக்கா வந்து 'என்ன, காகிதக் கடை வெக்கப்போறீங்களா?' என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ கேட்டதற்குப் பதில் இது. நான் கையைத் தூக்கினால் யாராவது சாவார்கள். எழுதிவிட்டேன். சிரிக்காதே.

அன்றைக்குக் கட்டை வலது பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். இடது பக்கம் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் இருந்தார்கள். நான் கையை நீட்டினேன். கட்டு இடது பக்கம் பாதி திரும்பி, அவர்கள் இருந்த இடத்துக்கு மேலே போய் அப்படியே நின்றது. அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் தப்பாகக் காட்டிவிட்டேன். நீ என் கையை நம்பித் திருப்பினாய், கீழே ஆட்களைப் பார்த்தாய், நிறுத்தினாய். பிறகு இறங்கி வந்து, இனி உன் கையை நம்பி நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லக்கூடப் பிடிக்காமல், என்னைத் தாண்டிப் போய்விட்டாய்.

நெஞ்சுவலி என்று சித்தி சொன்னபோது, மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் அது உறுதியாகிவிட்டது. நீ எழுதின முதல் கடிதத்தைப் படித்த பிறகும், எனக்காகக் கதை கட்டுகிறான் என்றுதான் தோன்றியது. கிளம்பி வா, கிளம்பி வா என்று நான் உயிரை வாங்கியது எதற்கு என்று நினைக்கிறாய்? நீ திரும்பி வந்து ஏறிவிட்டால் என் கை சரி என்று ஆகும். நீ வரவில்லை என்றால் தப்பு.

கண்ணை மூடினால் அந்த ஆட்கள்தான் வருகிறார்கள். அதில் ஒருத்தனுக்கு முன்பல் கிடையாது, எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் கட்டுக்கு அடியில் கிடக்கிறான். அவன் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னால் நான் ஸ்டோர் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன். உயிரோடு இருக்கிறவனுக்குப் பயந்து ஒளிகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இதுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமா

---

ஜூலை 18

மாமா,

தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் உங்கள் கையைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் இருட்டியிருந்தது. மஞ்சள் கையுறை இல்லை, மஞ்சள் யானை நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. கட்டு இடது பக்கம் போனது என் கை நடுங்கி நெம்புகோலைத் தட்டியதால். நின்றது நான் பயந்ததால். நீங்கள் வலது காட்டினீர்களா, இடது காட்டினீர்களா, கும்பிடு போட்டீர்களா, எனக்கு எதுவும் தெரியாது.

நான் உங்களைத் தாண்டிப் போனது வாந்தி வந்ததால். கேட்டுக்கு வெளியே சாக்கடையோரம் எடுத்தேன். வேண்டுமானால் வாட்ச்மேனைக் கேளுங்கள். அவர்தான் தண்ணீர் கொடுத்தார்.

நான் உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் என்னைக் கேட்கவில்லை. நான் கோழை என்று நீங்கள் நினைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். உங்கள் கை தப்பு என்று நான் நினைப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். ஊமைகள் என்று அக்கா சொன்னது நியாயம்தான்.

ஆனால் நான் இப்படி எழுதினதால் உங்களுக்குப் பயம் போய்விடாது என்பதும் தெரியும். எனக்குப் பெரிய டாக்டர் சொல்லியே போகவில்லை. மொட்டை மாடிக்குப் போனால்தான் போகும். உங்கள் மொட்டை மாடி கிரேனுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் அந்த முன்பல் இல்லாத ஆளைப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் காட்டினீர்கள் என்று கேளுங்கள். பிறகு கையுறையைப் போட்டு, புதுசை வெறும் கொக்கியோடு ஓட்டச் சொல்லுங்கள். பாரம் வேண்டாம். கையைத் தூக்குங்கள். நடந்ததை எழுதுங்கள்.

நீங்கள் கீழே நிற்காவிட்டால் நான் ஏறப்போவதில்லை. இது மிரட்டல்தான். பெட்டியைத் துடைப்பது எங்கள் பரம்பரைக் குணம்.

---

ஜூலை 24

மாப்பிள்ளைக்கு,

முன்பல் இல்லாதவனைப் போய்ப் பார்த்தேன். கேட்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. பிப்ரவரியில் கட்டு அந்தரத்தில் நின்றதே, நீங்கள் அடியில் இருந்தீர்களே, நான் எந்தப் பக்கம் கை காட்டினேன் என்று கேட்டேன்.

"எந்த நாள் அண்ணே?"

"கிரேன் ஆபரேட்டர் இறங்கிப் போனானே, அந்த நாள்."

"ஓ, அதுவா! நாங்க எங்கண்ணே அடியில இருந்தோம்? டீ குடிக்கப் போயிருந்தோமே. திரும்பி வந்தப்பதான் சொன்னாங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். நான் அஞ்சு மாதமாகக் கொன்று, புதைத்து, தினமும் துக்கம் அனுசரித்த அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பலகையைச் சுற்றி அவர்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் என் கண் அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டது. அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கிக்கொடுங்கள் என்றான். வாங்கிக்கொடுத்தேன்.

நான் எந்தப் பக்கம் காட்டினேன் என்பது யாருக்கும் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை. அது கொஞ்சம் உறுத்துகிறது. இருக்கட்டும்.

கையுறையைப் போட்டேன். வெறும் கொக்கிதான். கையைத் தூக்கினால் விரல் ஆடுகிறது. மேலே இருந்து புதுசு, 'அண்ணே, ஏத்தவா இறக்கவா, ஒண்ணு சொல்லுங்க, ரெண்டையும் சேத்துச் சொல்றீங்க' என்று கத்துகிறான். அடித் தொண்டையில் இருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதற்கப்புறம் கை நின்றது. மத்தியானம் வரைக்கும் நின்றேன். யாரும் சாகவில்லை. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டோர் கதவுக்குப் பின்னால் போகிற அளவுக்கு இல்லை.

இன்ஜினியரிடம் பேசிவிட்டேன், வாயைத் திறந்து. நீ ஏறலாம் என்று உன் டாக்டரம்மா எழுதிக்கொடுக்க வேண்டும். முதல் நாட்கள் வெறும் கொக்கி, பக்கத்தில் புதுசு உட்கார்ந்திருப்பான். பிறகுதான் பாரம். சம்மதமா?

உன் மாமா

---

ஆகஸ்ட் 6, காலை

மாமா,

இதை உங்கள் சாப்பாட்டுப் பையில் மேலாக வைக்கிறேன், கட்டு ஏறும் முன் படியுங்கள். எதிரெதிரே உட்கார்ந்துதான் காப்பி குடித்தோம். பேச உங்களுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அக்கா பார்த்துவிட்டு, 'ஒரே வீட்டுல தபாலா?' என்று கத்துகிறாள். கத்தட்டும்.

இன்றைக்குக் கம்பிக்கட்டு. திரும்பி வந்து ஏறியதில், வெறும் கொக்கியில் இரண்டு நாள் படபடத்தது, மூன்றாம் நாள் புதுசு பேசின பேச்சில் மறந்தே போனேன். இன்றைக்கு அப்படி இருக்காது. நடக்கப்போவது இது: கட்டு பாதித் தூரம் ஏறும்போது நெஞ்சு அடிக்கும். மயங்க மாட்டேன். ஆனால் ஒருவேளை நிறுத்துவேன். நிறுத்தினால் அது உங்கள் கையால் இல்லை. அடியில் ஆளில்லாத பக்கமாகவே ஏற்றச் சொல்லுங்கள். கையை இறக்கிவிடாமல் நில்லுங்கள். நெஞ்சின் அடி இறங்கட்டும் என்று காத்திருப்பேன். வருவேன்.

---

ஆகஸ்ட் 6, சாயங்காலம்

மாப்பிள்ளைக்கு,

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். வருவதற்குள் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

நின்றது. நீ சொன்ன இடத்துக்கும் கொஞ்சம் மேலே நின்றது. கட்டு காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. என் மண்டைக்குள் பழைய பாட்டு ஆரம்பித்துவிட்டது, தப்பாகக் காட்டிவிட்டாய், தப்பாகக் காட்டிவிட்டாய் என்று. என் கையை நானே பார்த்தேன். வலது பக்கம்தான் நீட்டியிருந்தேன். தோள் வலித்தது, இறக்கவில்லை. இன்ஜினியர் ஓடிவந்து 'என்னாச்சு? என்னாச்சு?' என்று குதித்தார். 'ஒண்ணும் ஆகலை சார். வருவான்' என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சத்தம்.

பிறகு கட்டு அசைந்தது. வலது பக்கம் திரும்பியது. பஞ்சு மூட்டையை வைக்கிற மாதிரி இறக்கிவைத்தாய்.

நீ ஏணியில் இறங்கி நேரே என்னிடம் வந்தாய். 'மாமா' என்றாய். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனாய். அதிலிருந்து வீட்டில் உன் முகம் சரியில்லை. நீயாக எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிகிறது. நினைக்காதே. நான் அழுதுகொண்டிருந்தேன்.